ஆர்கேட் பெட்டி ஓடுகிறது, உங்கள் எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பார்லர்களில் இருந்த மாதிரி வீடியோ கேம் ஆட, கிட்டாக வாங்கி நானே பூட்டிய பெட்டி ஓடுகிறது. இரண்டு ஜாய்ஸ்டிக்கும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன, எல்லாப் பட்டனும் வேலை செய்கின்றன, ஸ்பீக்கரில் இரைச்சல் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன ஆச்சு அந்த கேம் பெட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரு மடலாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பெயர் எதுவும் போடவில்லை. யார் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

மரவேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பலகைகள் அளவாக வெட்டி, துளை போட்டே வந்தன; திருகாணி முடுக்கத் தெரிந்தால் போதும். வேலை முழுக்க உள்ளே போகும் எலக்ட்ரானிக்ஸில்தான் இருந்தது. ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி ஒன்று (இனி வெறும் 'பை'), பட்டன் அழுத்துவதை அதற்குச் சொல்லும் யூஎஸ்பி என்கோடர் போர்டுகள் ஆட்டக்காரருக்கு ஒன்றாக இரண்டு, 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் தரும் ஒரு எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஆம்ப்ளிஃபயர், எல்சிடி திரை, அப்புறம் ஒயர்கள். ஒயர்கள், ஒயர்கள்.

முதல் நன்றி, கிட்டோடு வந்த வயரிங் படத்தை வரைந்த முகம் தெரியாத அந்த நபருக்கு. கிட்டில் வந்த கையேட்டின் மற்ற பக்கங்களை யாரோ அவசரத்தில் எழுதியிருக்கிறார்கள், அதை விடுங்கள். அந்த ஒரு படம் மட்டும் தங்கம். பட்டனின் அடியில் இருக்கும் மைக்ரோஸ்விட்சில் மூன்று கால்கள் இருக்கும்: காமன், என்ஓ, என்சி. அழுத்தாதபோது காமனும் என்சியும் சேர்ந்திருக்கும். அழுத்தினால் காமன் என்ஓவுக்குத் தாவும். ஒயரை என்சியில் மாட்டினால் யாரும் தொடாமலே பட்டன் அழுத்தியபடி இருப்பதாக என்கோடர் நினைத்துக்கொள்ளும். படம் வரைந்தவர் இந்த மூன்று கால்களையும் ஸ்விட்ச் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அதே கோணத்தில், கட்டுப்பாட்டுப் பலகையை அடியிலிருந்து பார்ப்பதுபோலவே வரைந்திருந்தார். மேலிருந்து பார்த்து வரைந்திருந்தால் ஆட்டக்காரர் ஒன்றின் பக்கம் இரண்டின் பக்கமாகத் தெரிந்திருக்கும். பலகையைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்கிறவனின் கண்ணோடு யோசித்திருக்கிறார். நன்றி ஐயா, அல்லது அம்மா.

அடுத்து டிவி மெக்கானிக் அண்ணன். அண்ணே, உங்களுக்குத்தான் அதிகம் எழுத வேண்டும்.

பழைய படக்குழாய் டிவிகளைப் பிரித்துப் பிரித்துப் பழகியவர் நீங்கள். அந்தக் குழாயின் ஆனோடில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் மிச்சமிருக்கும் என்று சொல்லிவிட்டு, "உன்னுது எல்சிடிதானே, பயப்படாதே. ஆனா மெயின்ஸ் பக்கம் மட்டும் மரியாதையா நடந்துக்கோ" என்றீர்கள். அதோடு நில்லாமல், மின்சாரம் கொடுக்கும் முன்பே மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலையில்) வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மறு முனையைக் காசு போடும் கதவின் இரும்பிலும் வைக்கச் சொன்னீர்கள். மீட்டர் கத்தவில்லை. கதவின் இரும்புக்கும் பச்சை எர்த் ஒயருக்கும் நடுவே இருந்த பெயின்ட் எர்த்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. கீல் திருகாணிக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு, பச்சை ஒயரை முடுக்கிய பிறகுதான் 'பீப்' வந்தது. இந்தப் பெட்டியில் குழந்தைகள் கை வைக்கிற இரும்பு அது. அந்த ஒரு சோதனைக்காகவே உங்களுக்கு இந்த மடல் தகும்.

கிரவுண்ட் ஒயர் விஷயமும் உங்கள் கைவரிசைதான். என்கோடர் ஒவ்வொரு உள்ளீட்டையும் ஒரு மின்தடை வழியாக மேல் வோல்டேஜில் தூக்கி வைத்திருக்கும். பட்டனை அழுத்தும்போது அது கிரவுண்டுக்கு, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, இறங்கும். இறங்கினால் அழுத்தியாகிவிட்டது என்று கணக்கு. ஆகவே எல்லாப் பட்டனுக்கும் கிரவுண்ட் பொதுவானது. படத்தில் இருந்தபடி ஒரே கருப்பு ஒயர் பட்டனுக்குப் பட்டன் தாவிக் கடைசிப் பட்டனோடு முடிந்துவிடும். நீங்கள் அந்தக் கடைசிப் பட்டனிலிருந்து இன்னொரு துண்டு ஒயரை எடுத்து மறுபடி என்கோடருக்கே கொண்டுவந்து வளையமாக்கச் சொன்னீர்கள். நடுவில் ஒரு இணைப்பு கழன்றாலும் கரண்ட் மறு பக்கமாகச் சுற்றி வந்துவிடும், எதுவும் நிற்காது. ஒரு முழ ஒயர் கூடுதல் செலவு, அவ்வளவுதான். பெட்டியை அடித்து ஆடுகிற ஆட்களை வைத்துக்கொண்டு இதைச் செய்யாமல் இருக்கவே கூடாது என்பது என் கட்சி.

ஒயர் முனையில் நசுக்கி (கிரிம்பிங்) மாட்டிய ஒவ்வொரு லக்கையும் இழுத்துப் பார்க்கச் சொன்னதும் நீங்கள்தான். கழன்று வந்தால் இப்போதே வரட்டும் என்றீர்கள். இரண்டு மூன்று வரத்தான் செய்தன. பட்டன்களின் கால் 2.8 மில்லிமீட்டர், காசுக் கதவு ஸ்விட்சின் கால் 4.8 மில்லிமீட்டர் என்பதால் இரண்டு அளவு லக்கும் தேவைப்பட்டன. பெரியதைச் சின்னக் காலில் மாட்டினால் மாட்டியதுபோலவே இருக்கும், ஆடும்போதுதான் தெரியும்.

பட்டனுக்குள் எரியும் எல்இடிகளுக்கு 12 வோல்ட். என்கோடருக்கு 5 வோல்ட். இரண்டும் ஒரே பட்டனின் அடியில், விரல் இடைவெளியில் நிற்கின்றன. 12 வோல்ட் தப்பித் தவறி என்கோடர் பக்கம் போனால் போர்டு அவ்வளவுதான். அதனால் முதல் முறை சுவிட்ச் போடும் முன் 12 வோல்ட் ஒயருக்கும் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தோம். அங்கே 'பீப்' வராததுதான் நல்ல செய்தி. நீங்கள் ஒரு ஒயரைக்கூடத் தொடவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் எங்கெங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னீர்கள். எனக்குக் கிடைத்த உதவியிலேயே பெரியது அதுதான். பெட்டி நாளைக்கே மக்கர் செய்தாலும் எங்கே அளக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

திரையில் மின்னல் குறி வந்த கதையும் அப்படித்தான் முடிந்தது. ராஸ்பெரி பையில் வோல்டேஜ் 4.63க்குக் கீழே போனால் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் ஒன்று தெரியும். எஸ்எம்பிஎஸ் முனையில் அளந்தால் 5.1 வோல்ட், கச்சிதம். "அங்க எதுக்கு அளக்கறே? சாப்பிடறவன் வாயில அளந்து பாரு" என்றீர்கள். பையின் 2ஆம் பின்னுக்கும் 6ஆம் பின்னுக்கும் நடுவே, ஆட்டம் ஓடும்போதே அளந்தால் 4.5 சொச்சம். மிச்சத்தைக் கிட்டில் வந்த நீளமான மெல்லிய கேபிள் தின்றுகொண்டிருந்தது. பைக்கு மட்டும் தனியாக, தடித்த, குட்டையான கேபிள் போட்டதும் மின்னல் போய்விட்டது.

இனி, ஒரு காலத்தில் வீடியோ கேம் பார்லரில் வேலை பார்த்த நண்பனுக்கு.

டேய், உன் கதைகளுக்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஜாமா இணைப்பியைப் பற்றி நீ சொன்னதற்கு அப்புறம்தான் இந்தப் பெட்டி ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. 1985இல் ஜப்பானியக் கேளிக்கை இயந்திரத் தயாரிப்பாளர் சங்கம் கொண்டுவந்த 56 முனை இணைப்பி அது. மின்சாரம், படம், ஒலி, ஜாய்ஸ்டிக், காசு எல்லாம் ஒரே வாயில். ஆட்டம் இருக்கும் போர்டை உருவி வேறொன்றைச் செருகினால் பெட்டியில் வேறு ஆட்டம். ஆனால் அதில் ஆளுக்கு மூன்று பட்டனுக்குத்தான் இடம். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்து மூன்று குத்து, மூன்று உதை என ஆறு பட்டன் கேட்டபோது, உதைகளுக்கென்று தனியாக ஒரு ஒயர்க் கட்டை இழுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பேரே 'கிக் ஹார்னஸ்' என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. உண்மைதான். என் பெட்டியில் ஒவ்வொரு பக்கமும் ஆறு பட்டன் வரிசைகட்டி நிற்பதற்கும் அதுதான் காரணம்.

ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் கீழ் ஸ்விட்ச்தான் 'கிளிக்' என்கிறது, தலைகீழாக மாட்டி அனுப்பிவிட்டார்களோ என்று நான் போனில் பதறியபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தண்டு நடுவில் ஊன்றி நிற்கிறது. தலை முன்னே போனால் அடி பின்னே போகும். மேலே போக வேண்டுமானால் கீழ் ஸ்விட்சில் ஒயர் போட வேண்டும். இருபது நொடியில் முடிந்த விஷயம். பேக்மேனுக்காக ஜாய்ஸ்டிக்கின் அடியிலிருக்கும் சதுரத் தகட்டை 45 டிகிரி திருப்பலாம் என்று சொன்னதும் நீதான். 1980இல் வந்த அந்த ஆட்டத்துக்கு நாலு திசைதான் தெரியும்; மூலைவாட்டில் தள்ளினால் திருப்பத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். தகட்டைத் திருப்பிய பிறகு பேய்களிடம் மாட்டிக்கொள்வது முழுக்க என் திறமையால்தான்.

ஸ்பீக்கர் இரைச்சலை நீ பிடித்த விதத்தை எழுதியே ஆக வேண்டும். மெனு நகரும்போதெல்லாம் இரைச்சலும் கூடவே மாறியது. ஆம்ப்ளிஃபயர் சரியில்லை, வேறு வாங்கு என்று நாலு பேர் சொன்னார்கள். நீ மட்டும் ஆடியோ ஜாக்கைப் பிடுங்கச் சொன்னாய். பிடுங்கினேன், நிசப்தம். அப்படியானால் ஆம்ப்ளிஃபயர் நல்லதுதான். மறுபடி ஜாக்கைச் செருகி, ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் பவர் பேங்கிலிருந்து கரண்ட் கொடுக்கச் சொன்னாய். அப்போதும் இரைச்சல் இல்லை, பாட்டு மட்டும் வந்தது. ஒரே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கிரவுண்ட் போகிறது. ஆடியோ கேபிளின் வெளி உறை வழியாக இன்னொரு கிரவுண்ட். இரண்டும் சேர்ந்து வளையம். பையின் கரண்ட்டில் ஒரு பங்கு ஆடியோ கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டோம். அதற்குள் இருப்பது இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். ஒலி காந்தப்புலம் வழியாகத் தாண்டிப் போகும், கிரவுண்டால் தாண்ட முடியாது. பட்டன் பக்கம் வளையம் வேண்டும், ஸ்பீக்கர் பக்கம் வளையம் கூடாது என்ற வேடிக்கையை அண்ணனிடம் சொன்னேன், தலையை ஆட்டினார்.

இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ்களையும் ஒன்றாக இணைத்தால் ஒயர் மிச்சமாகுமே என்று நான் கேட்டபோது நீ போட்ட சத்தத்துக்கும் நன்றி. இந்த வகைச் சிறு ஆம்ப்ளிஃபயர்களில் பிளஸ், மைனஸ் இரண்டு முனைகளுமே ஒலியை ஓட்டுகின்றன. மைனஸ் என்பது கிரவுண்ட் இல்லை. இணைத்திருந்தால் சிப் சூடாகிப் போயிருக்கும்.

சித்தப்பா மகளுக்கு: தங்கச்சி, என்னால் முடியாத ஒரே இடத்தை நீ முடித்துக் கொடுத்தாய். இரண்டு என்கோடரும் அச்சு அசல் ஒன்றுபோல. யூஎஸ்பி அடையாள எண்ணும் ஒன்றே. எது முதலில் கண்ணில் பட்டதோ அதுவே ஆட்டக்காரர் ஒன்று என்று பை முடிவு செய்ததால், சில நாள் இடதும் வலதும் மாறி எழுந்தன. போர்டின் பெயரை வைத்துத் தேடாமல், அது எந்த யூஎஸ்பி போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது என்பதை வைத்து அடையாளம் காணும்படி இரண்டு வரி விதி எழுதிவிட்டாய். தேர்வு நேரத்தில் அதற்காக உட்கார்ந்தாய் என்று சித்தி சொல்லித்தான் தெரிந்தது. இனி அந்த இரண்டு போர்ட்டிலும் வேறு எதையும் செருக மாட்டேன், சத்தியம்.

பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் மென்பொருளை எழுதியவர்களுக்கும் நன்றி. நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்டதை எத்தனையோ பேர் இன்றுவரை வளர்த்துவருகிறார்கள். உரிமையாளர்களே இலவசமாக விட்டுக்கொடுத்த சில பழைய ஆட்டங்களை அவர்கள் தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். எங்கள் பெட்டி முதலில் ஆடியது அப்படிக் கிடைத்த 1981ஆம் வருடத்து ராபி ரோட்டோவைத்தான்.

வீட்டில் டார்ச் பிடித்தவர், ஒயருக்கெல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் லேபிள் ஒட்டியவர், "இது எப்பதான் முடியும்?" என்று ஒரு தடவைகூடக் கேட்காதவர், எல்லாம் ஒருவரே. அவருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். பட்டன்களை ஈவு இரக்கமில்லாமல் அடித்துச் சோதித்த சின்னவனுக்கு நன்றி தேவையில்லை, அவன் இன்னும் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ஒயர் நிறம், பின் எண், லக் அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் அட்டவணையாக எழுதிப் பெட்டியின் பின்கதவு உட்புறம் ஒட்டியிருக்கிறேன். இதே மாதிரி கிட் வாங்கியிருக்கிறவர்கள் கேட்டால் படம் எடுத்து அனுப்புகிறேன். 2.8 மில்லிமீட்டர் லக்குகளும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் நிறைய மிச்சம் இருக்கின்றன, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அண்ணே, உங்கள் கிரிம்பிங் டூல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.