அந்த டைனோசரைக் கரையேற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் நீண்ட கழுத்து டைனோசர் ஒன்று ஏரிக்குள் மூழ்கி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் படம் போட்டு, 'இதன் கனத்தைக் கால்கள் தாங்காது, அதனால் தண்ணீரிலேயே வாழ்ந்தது' என்று எழுதியிருந்தீர்கள். என் பேத்தி அதை வெட்டி ஒட்டப் போனாள், நான்தான் பசையைப் பிடுங்கி வைத்தேன். நான் பையனாக இருந்தபோது வந்த புத்தகங்களில் இப்படித்தான் இருக்கும். சரி, இப்போதுமா?

அவ்வளவு ஆழத்தில் உடம்பு இருந்தால் தண்ணீர் நெஞ்சை அமுக்கும், நுரையீரல் விரியாது, மூக்கு மட்டும் வெளியே இருந்து என்ன பயன்? கெர்மக் என்ற ஆய்வாளர் 1951இலேயே இதை எழுதிவிட்டார்.

நான் கப்பல் பட்டறையில் பல வருடம் பாரந்தூக்கி ஓட்டியவன். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் பேத்தியோடு போய், பிரின்ஸ், அப்பலோனியா, டிவிங்கி என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டியெடுத்த அந்த மூன்று நீண்ட கழுத்து டைனோசர் எலும்புக்கூடுகளுக்கும் கீழே நின்றபோது எனக்குப் பழைய வேலைதான் ஞாபகம் வந்தது. குட்டி டிவிங்கியே 12 மீட்டர், மற்ற இரண்டும் 20 மீட்டருக்கு மேல்.

பாரந்தூக்கியில் பூம் என்கிற நீண்ட கையின் நுனியில் கொஞ்சம் கனம் கூடினாலும் அடியில் தெரியும். அதனால்தான் பூமைக் கட்டி இரும்பில் செய்யாமல் கம்பிக்கூடு மாதிரி செய்கிறார்கள். இந்த விலங்கின் கழுத்தும் அப்படித்தான். ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தெலும்பு 7, இந்த வகையைச் சேர்ந்த டிப்ளோடோகஸுக்கு 15, ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் பறவைகளுக்கு இருப்பதுபோல் காற்றறைகள். நுனியில் தலையும் சின்னது. மெல்லாமல் இலையை உருவி அப்படியே விழுங்கியதால் பெரிய தாடையும் கடைவாய்ப் பல்லும் தேவைப்படவில்லை. கழுத்தெலும்பின் மேல்முள் இரண்டாகப் பிளந்து பள்ளம் விட்டிருக்கிறது, அந்தப் பள்ளத்தில் கழுத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசைநார் ஓடியிருக்கும் என்கிறார்கள். எங்கள் இரும்பு வடம் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முன்னால் கழுத்து, பின்னால் வால். எதிர்ப்பாரம் இல்லாமல் எந்தப் பாரந்தூக்கியும் நிற்காது. வால் தரையில் இழுபடவும் இல்லை, காலடித்தடங்கள் கிடைத்த இடங்களில் வால் இழுத்த கோடு அபூர்வம். லண்டன் அரும்பொருளகத்தில் 1905இல் நிறுத்திய டிப்ளோடோகஸ் எலும்புக்கூட்டு வார்ப்பின் வாலைத் தரையிலிருந்து தூக்கி வைக்க 1993 ஆகிவிட்டது என்பதால் உங்களை ரொம்பவும் கோபிக்க முடியவில்லை.

கடைசியாகக் கால். பல்லி மாதிரி பக்கவாட்டில் பரப்பி நின்றிருந்தால் முட்டி தாங்காது. இதற்குக் கால்கள் உடம்புக்கு நேர் கீழே தூண்போல இறங்குகின்றன, மண்டாய் விலங்குத் தோட்டத்தில் யானையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்பாத எலும்புகள் குழாய்போல வட்டமாகச் செங்குத்தாக நிற்கின்றன, பின்பாதத்தின் அடியில் யானைக்கு இருப்பது போன்ற தடித்த சதை மெத்தை. பத்து டன்னுக்கு மேல் சுமக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு தரையில் நிற்கிற படமாக ஒன்று போடுங்கள், வாலைத் தூக்கியபடி. பசை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பாரந்தூக்கி ஓட்டுநர்,
ஜூரோங் வெஸ்ட்