அப்பாவுக்குத் துணை நின்ற எல்லாருக்கும்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. ஆளாளுக்குப் போன் செய்து சொல்லலாம் என்றால் குரல் உடைந்துவிடுகிறது. அதனால்தான் இந்த மடல்.

கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோதே அது பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. அறுவைக்கு வழியில்லை. கீமோ, அப்புறம் ஐந்து நாள் கதிர்வீச்சு. ஐந்து நாளும் பட்டர்வொர்த்திலிருந்து விடியற்காலையில் பாலம் தாண்டிக் கூட்டிப்போன பக்கத்து வீட்டு அண்ணே, உங்களுக்கு முதல் நன்றி. மூச்சு விட்டாலே கணையம் அசையும், ஒட்டினாற்போல் குடல் இருக்கிறது. அதனால் மூச்சை அடக்கித்தான் கதிர் கொடுத்தார்கள். "இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று அப்பாவிடமே தமிழ் கற்று அப்பாவுக்கே சொன்ன மலாய்க்காரத் தங்கச்சிக்கும் நன்றி. முதுகுவலி குறைந்து, அப்பா மல்லாந்து படுத்துத் தூங்கியது அதற்குப் பிறகுதான்.

மருத்துவம் படிக்கும் தம்பிக்கு என்ன சொல்வது? 'கணையப் புற்றுக்குத் தடுப்பூசி' என்று ஒருவர் 18,000 ரிங்கிட் கேட்டார். அம்மா தாலிக்கொடியைக்கூடக் கழற்றிவிட்டார். தம்பி திட்டவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினான். அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், டாக்டர் எலிசபெத் ஜாஃபியின் குழு உருவாக்கிய ஜிவாக்ஸ் என்ற கணையப் புற்றுத் தடுப்பூசி பற்றிச் சொன்னான். இரண்டு நோயாளிகளின் கட்டியிலிருந்து வளர்த்த செல்களை, எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் புரதம் சுரக்கும்படி மாற்றி, பெருகாதபடி கதிரால் முடக்கி ஊசியாகப் போடுவார்களாம். 2001-இல் வெளியான முதல் சோதனை 14 பேரிடம் நடந்தது. ஊசி மட்டும் போதவில்லை என்று பிறகு கட்டிக்கும் கதிர் கொடுத்துச் சேர்த்துப் பார்த்தார்கள். கதிர் பட்டு உடையும் செல்களின் துணுக்குகள் எதிரியை அடையாளம் காட்டும், ஊசியால் பழகிய காவல் செல்கள் உள்ளே புகும் என்பது கணக்கு. "இன்னும் ஆராய்ச்சிதான், மாமா. காசு கொடுத்து வாங்குற மருந்து இல்ல" என்றான். பொய் நம்பிக்கை கொடுக்காமல் உண்மையை எங்கள் மொழியில் சொன்னாயே, அது பெரிய உதவியப்பா.

அப்பா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ரெண்டு பேரு யாருய்யா?" என்றார். தெரியாது என்றான் தம்பி.

"அவங்க வீட்டுக்கு யாராவது நன்றி சொன்னாங்களா?"

கஞ்சி கொண்டுவந்த அக்காமார்களுக்கும், சக்கர நாற்காலி கொடுத்த கோயில் கமிட்டிக்கும், பெயர் தெரியாத அந்த இரண்டு பேரின் வீட்டாருக்கும் அப்பா சார்பில் நன்றி.

இப்படிக்கு,
மூத்த மகள், பட்டர்வொர்த், பினாங்கு