மேடைய மறைக்கிறது நாங்க மட்டும் இல்ல

ஆசிரியருக்கு வணக்கம். கல்யாணத்துக்குப் போனா தாலி கட்டுறதப் பாக்கவே முடியல, கேமராக்காரங்க முதுகுதான் தெரியுதுன்னு ஒரு வாசகி உங்க பேப்பர்ல எழுதியிருந்தாங்க. படிச்சதும் சுருக்குன்னுதான் இருந்துச்சு, ஆனா அவங்க சொல்றது சரிதான். திண்டுக்கல் பக்கம் ஸ்டுடியோ வச்சிருக்கேன், ஃபிலிம் காலத்துலேர்ந்து இதே பொழப்பு, அதனால எங்க பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிடுறேன்.

அப்பல்லாம் ஒரு ரோலுக்கு 36 படம், சாமர்த்தியமா லோடு பண்ணா 37, 38 வரைக்கும் இழுக்கலாம். ரோலு, கழுவுறது, பிரிண்ட் எல்லாமே காசுங்கறதால இத்தனை ரோல்தான்னு பொண்ணு வீட்ல முன்னாடியே பேசி முடிச்சிருவாங்க. கெட்டி மேளம் சத்தம் கேட்டதும் எத்தனை படம் மிச்சம்னு ஒரு கண்ணு கேமரா மேல ஓடும், ஃபிளாஷ் சார்ஜ் ஆகி அந்த சின்ன லைட் எரியணும், அதுக்குள்ள மாப்பிள்ளை முதல் முடிச்சப் போட்டு நாத்தனார் கைக்குப் போயிருக்கும். கிடைச்சது ஒண்ணோ ரெண்டோ. லேப்லேர்ந்து பிரிண்ட் வர்ற வரைக்கும் வயித்துல புளியக் கரைக்கும், ஆனா அந்த பயத்துக்காகவே எனக்கு முகூர்த்தம் எடுக்கப் பிடிக்கும்.

இப்ப டிரெடிஷனல் போட்டோ, டிரெடிஷனல் வீடியோ, போஸ் குடுக்காம இயல்பா இருக்கும்போது எடுக்குற கேண்டிட், சினிமா மாதிரி எடுக்குற சினிமாட்டிக்னு தனித்தனி ஆள், லைட்டு பிடிக்க பசங்க, மேல ட்ரோன், எல்லாரும் மணவறைக்கு முன்னாடி. டிஜிட்டல் வந்ததக் குறை சொல்ல மாட்டேன், இருட்டு மண்டபத்துல ஃபிளாஷ் போடாம முகத்த எடுக்க முடியுதே அது பெரிய வரம். எனக்கு வெறுத்துப்போனது, ஐயர் மந்திரம் சொல்லிட்டு இருக்கும்போதே “மாப்ள, தாலிய அப்படியே கழுத்துகிட்ட வச்சுட்டு இங்க பாருங்க, பொண்ணு லைட்டா சிரிங்க”ன்னு நிறுத்தி நிறுத்தி எடுக்குறது. நல்ல நேரம் போயிட்டு இருக்கு, ஐயரு வாட்ச்சப் பாக்குறாரு. இது நாங்களா ஆரம்பிச்சதுன்னு சொன்னா பாதிதான் உண்மை, புக்கிங்குக்கு வரும்போதே பொண்ணு போன்ல ரீல்ஸ் காட்டி “அண்ணா இதே மாதிரி வேணும்”னு கேக்குது, அப்புறம் அந்த நேரம் சொந்தக்காரங்க ஆளுக்கொரு போனத் தூக்கிட்டு ஏறிடுறாங்க, கீழ உக்காந்திருக்கறவங்க யாரத்தான் திட்டுவாங்க.

ப்ரீ வெட்டிங் ஷூட்ட தண்ணிப் பக்கம் எடுக்குறதே இல்லன்னு நிறுத்திட்டேன். 2020 நவம்பர்ல மைசூர் பக்கம் தலக்காட்டுல காவேரியில ஷூட் பண்ணப் போயி, அதே மாசம் கல்யாணம் நடக்க இருந்த ஜோடி ரெண்டு பேரும் மூழ்கிட்டாங்க. ஒரு போட்டோவுக்கு அவ்வளவு எதுக்குங்க.

இன்னொண்ணு சொல்லணும். கல்யாணம் முடிஞ்சு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டு ஆளுங்க கடைக்கு வருவாங்க, ஆல்பத்துக்கு இல்ல. “அண்ணே அப்பா தவறிட்டாரு, மாலை போட ஒரு படம் வேணும், நம்ம தங்கச்சி கல்யாணத்துல நல்லா இருப்பாரு பாருங்க”ம்பாங்க. நாலாயிரம் படத்த ஓட்டிப் பாத்தா பெத்த தகப்பன் முகம் நேரா இருக்கறது நாலு தேறாது. தாரை வார்க்கும்போது குனிஞ்சிருப்பாரு, மத்ததுல எல்லாம் பொண்ணுக்குப் பின்னாடி அவுட் ஆஃப் ஃபோகஸ்ல ஒரு வெள்ளைச் சட்டை. ஃபிலிம் காலத்துல படம் கம்மி, ஆனா குரூப் போட்டோன்னு ஒண்ணு கட்டாயம் உண்டு, தாத்தாவுக்கு நாற்காலி போட்டு, சின்னதுகள தரையில உக்கார வச்சு, எல்லார் மூஞ்சியும் தெரியும்.

அதுலேர்ந்து எனக்கு மேடை மேல இருந்த ஆசையே போச்சு. மணவறையப் பசங்ககிட்ட விட்டுட்டு நான் கீழ இறங்கிடுறேன், முன் வரிசைப் பாட்டிங்க, மொய் எழுதுறவரு, பந்தியில எல பாத்துப் பாத்துக் கவனிக்கிற தாய்மாமான்னு எடுக்குறேன். அறுபதாம் கல்யாணம், காதுகுத்துன்னா இப்ப விரும்பிப் போறேன், துட்டு கம்மிதான். பேரன் பேத்தி சுத்தி நிக்க தாத்தா தாலி கட்டும்போது பாட்டி வெக்கப்படுதே, அத யாரும் ரீல்ஸ் பாத்துப் பழகிட்டு வரல.

அந்த வாசகிக்கும் கல்யாணம் வச்சிருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். தாலி கட்டுற நேரத்துல மணவறை முன்னாடி ரெண்டு கேமராவுக்கு மேல கூடாதுன்னு கண்டிஷனா சொல்லுங்க, ரெண்டு ஓரத்துல நின்னாலே போதும், தாராளமா கிடைக்கும். ரெண்டு பக்கச் சொந்தத்தையும் தெரிஞ்ச ஒரு சித்தப்பாவ எங்களோட விடுங்க, யாரு பெரியவங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும். ஆல்பத்துக்கு செலக்ட் பண்ணது மட்டும் இல்லாம எடுத்தது மொத்தத்தையும் ஹார்ட் டிஸ்க்ல வாங்கி வைங்க, பல கடையில கொஞ்ச மாசத்துல அழிச்சிருவாங்க. நீங்க காசு குடுத்து எடுக்கச் சொன்ன படம், வேற மாதிரி ஒப்பந்தம் போடலைன்னா, 1957 காப்புரிமைச் சட்டப்படி உங்களோடதுதான், கேக்கறதுல கூச்சமே வேணாம். இதெல்லாம் அட்வான்ஸ் குடுக்கும்போதே பேசிருங்க, முகூர்த்தத்தன்னிக்குக் காலையில வந்து சொன்னா எந்தப் பையன் காதுலயும் ஏறாது.

இப்படிக்கு,
ஒரு கல்யாண போட்டோகிராபர்,
திண்டுக்கல்.