காதுக்குள் பொறையார்

திருச்சி

அன்பு நண்பா,

நலம்தானே? உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இடையில் என் காதைப் பற்றி ஒரு விஷயம் தெரியவந்தது. அதை உனக்கு எப்படி எழுதுவது என்று யோசித்தே நாள் போய்விட்டது.

தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்ததா? பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான் என்று எழுதியிருந்தாய், அந்த வரியை இரண்டு முறை படித்தேன். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு மாற்றல் கிடைத்துப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்திருக்கிறது.

சரி, காது விஷயம். போன மாதம் ஒரு ராத்திரி மழை விட்டபின் வாசலில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரி, அதுதான் உன் தங்கச்சி, “அப்பப்பா, இந்தச் சுவர்க்கோழி என்ன கத்துக் கத்துது!” என்றாள். எனக்குத் தவளை கேட்டது. தெருமுனையில் லாரி போனது கேட்டது. அந்தச் சுவர்க்கோழிப் பூச்சி மட்டும் கேட்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். இல்லவே இல்லை.

மறுவாரம் பரிசோதனைக்குப் போனேன். சின்ன அறை, நாலு பக்கமும் பஞ்சு வைத்த சுவர். காதில் ஒன்றை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை வைத்துப் பார்த்து ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். தாளின் இடது பக்கம் தணிந்த சத்தங்கள், அங்கே கோடு ஓரளவு சமமாக வருகிறது. வலது பக்கம் கீச்சுச் சத்தங்கள், அங்கே போகப் போகக் குளத்துப் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. பரிசோதித்த பெண் பொறுமையாக விளக்கினாள். உள்காது நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்குமாம். கீச்சுச் சத்தங்களை வாங்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் அதன் வாசல் பக்கமாக இருக்கின்றன. வயதாகும்போது பெரும்பாலும் அவைதான் முதலில் தேயும், தேய்ந்தது திரும்ப முளைக்காது. “பேசுறது கேக்கும், வார்த்தைதான் தெளிவா இருக்காது. ‘ச’, ‘ஸ’ மாதிரி எழுத்தெல்லாம் நழுவிடும், ஐயா” என்றாள். இரண்டு வருடமாக உன் தங்கச்சியிடம் “என்ன? என்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நம் சொந்த ஊரான பொறையாரின் சத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து இது இடது பக்கம், இது வலது பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தேன்.

இடது பக்கத்தில் நிறைய மிஞ்சியிருக்கிறது. கீழைக்காற்று அடிக்கும் ராத்திரிகளில் தரங்கம்பாடிக் கடல் நம் திண்ணைவரை கேட்கும். தரங்கம் என்றால் அலை என்று தமிழ் வாத்தியார் சொன்ன நாளிலிருந்து, ஊர்ப்பெயரே சத்தத்தால் வந்தது என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஞாயிறு காலையில் 1718-ல் கட்டிய அந்தப் பழைய தேவாலயத்து மணி. அப்புறம் மாயவரத்திலிருந்து வரும் ரயில். இஞ்சின் வரும் முன்பே தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்போம், ஒரு ‘உம்ம்’ வரும். நம் அம்மாக்கள் பார்த்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள். 1926-ல் போட்ட பாதை அது. 1986-ல் வண்டியை நிறுத்தினார்கள், அப்புறம் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தும் அம்மா அதைப் பார்த்து நான் கண்டதில்லை. மாலை வண்டி ஊதினால் விளக்கேற்ற எழுந்துவிடுவாள். ரயில் நின்ற பிறகும் கொஞ்ச நாள் அந்த நேரத்துக்கு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூட மணி இரண்டு பக்கத்திலும் வருகிறது. ஞாபகம் இருக்கிறதா, வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு? இரும்புக் கம்பியால் தட்டினால் முதலில் ‘ணங்’ என்று விழும். பின்னாலேயே மெல்லிசாக ஓர் இழை வெகுநேரம் ஓடும். இன்று யாராவது தட்டினால் எனக்கு அந்த ‘ணங்’ மட்டும் கேட்கும், இழை கேட்காது. மதியத்துக்கு மேல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் “ஓரோண் ஒண்ணு, ஈரோண் ரெண்டு” என்று வாய்ப்பாடு பாடுவோமே, அதில் நீ எப்போதும் அரை மாத்திரை முந்திக்கொண்டு போவாய். அதுவும் எனக்கு மிச்சம்தான்.

வலது பக்கத்தில்தான் மனசு அடித்துக்கொள்கிறது. சிலேட்டில் குச்சி கிறீச்சிடுவது, கூரை எரவாணத்துச் சிட்டுக்குருவி, ஐஸ் வண்டி மணி, பாட்டி கோலமாவு சலிக்கும்போது சல்லடை உரசுவது. அப்புறம் ஈயம் பூசுகிறவர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும். மாசியோ பங்குனியோ, வெயில் ஏறும் காலத்தில்தான் வருவார். உங்கள் வீட்டு வாதாமரத்தடியில் குழி தோண்டிக் கரி போட்டு, தோல் துருத்தியை அமுக்க ஆரம்பித்தால் ‘புஸ்… ப்ஹா… புஸ்… ப்ஹா’ என்று தெருவே மூச்சு விடுவது போலிருக்கும். தெருவில் உள்ள பித்தளைப் பாத்திரமெல்லாம் அங்கே வந்து சேர்ந்துவிடும். புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிவிடும் என்பதால் பூசாமல் புழங்க முடியாது. பாத்திரம் பழுக்கக் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளைப் புகை குபீரென்று கிளம்பும், மூக்கு எரியும், நாம் நகரமாட்டோம். ஈயக்கட்டியை ஓர் இழு இழுத்துவிட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுத் துடைத்தால் கறுத்த உட்புறம் கண் முன்னால் வெள்ளியாகும். அடுத்த நொடி அப்படியே தண்ணீர்த் தொட்டியில் முக்குவார். ‘சொய்ய்ய்ங்’ என்று ஒரு சத்தம் வருமே, அதற்காகத்தான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவோம். நீ கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே குண்டானா, குடமா, கரண்டியா என்று சொல்வாய். அவர் சிரித்துக்கொண்டே “இந்தத் தம்பியை என் கூட அனுப்பிடுங்க” என்பார்.

எவர்சில்வர் வந்தது, அவர் வருவது குறைந்தது. எந்த வருடம் கடைசியாக வந்தார் என்று நம் தெருவில் யாருமே கவனிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. ஒரு சத்தம் கடைசியாக ஒலிக்கும் நாளில் அதுதான் கடைசி என்று நமக்குத் தெரிவதில்லையே.

ரேடியோ உன் வீட்டில்தான் இருந்தது. எனவே அதைப் பற்றி உனக்கு நான் சொல்வது அழகல்ல, ஆனாலும் சொல்கிறேன். வருடம் தவறாமல் உன் அப்பா அந்த லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போவார். கட்டணம் 15 ரூபாய். பாட்டுக் கேட்க அரசாங்கத்துக்குப் பணம் கட்டினோம் என்றால் இன்று யார் நம்புவார்கள்? காலையில் குமிழைத் திருகினால் வால்வு சூடேற அரை நிமிடம் பிடிக்கும். அந்த நேரம் நாம் யாரும் பேசமாட்டோம். அப்புறம் தம்பூரா, அதன் மேல் வயலின், வானொலியின் அந்த முகப்பு இசை. நாஜிகளால் ஐரோப்பாவை விட்டு பம்பாய் வந்த வால்டர் காஃப்மன் என்ற யூத இசைஞர் 1930களில் அமைத்தது அது என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். சிவரஞ்சனி ராகம் என்பார்கள். ஊரை இழந்த ஒருவர் போட்ட மெட்டில்தான் நம் ஊர் கண் விழித்திருக்கிறது. 7.15-க்கு டில்லிச் செய்தி. “செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி” என்று கேட்டதும் உன் அம்மா நம் இருவரையும் குளிக்க விரட்டுவார்கள். அவர் 2022-ல் காலமான செய்தியைப் பார்த்தபோது எனக்கு முதலில் உன் அம்மா ஞாபகம்தான் வந்தது.

திருச்சி நிலையத்தின் விவசாய நிகழ்ச்சியை உன் அப்பா தவறவிட்டதே இல்லை. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தபோது, ரேடியோவில் கேட்டுக் கேட்டே டெல்டா முழுக்க அது பரவியதால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது. நமக்கு விவரம் தெரிந்த பிறகும் அவர் அந்தப் பெயரில்தான் சொல்வார்.

அதைவிட இலங்கை வானொலி. கடல் பக்கத்தில் இருப்பதால்தான் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது, மாயவரத்துக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று பெருமையடிப்பாய். நீ சொன்னதில் உண்மை இருந்திருக்கிறது. மத்திய அலை தரையை ஒட்டி ஓடும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும், உப்புத் தண்ணீர் மேல் அவ்வளவு தேயாமல் வரும். அவர்களுடைய பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி நம் தெருவுக்கு அலைமேல் நடந்து வந்திருக்கிறது. அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத், மூச்சு விடாமல் பேசும் கே.எஸ்.ராஜா… அவர்கள் முகத்தை நாம் பார்த்ததில்லை, ஆனால் குரலைக் கேட்டால் சித்தப்பா, அத்தை குரல்போல அடையாளம் தெரியும். பிறந்தநாள் வாழ்த்தில் வவுனியா, மட்டக்களப்பு, பண்டாரவளை என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். வரைபடத்தில் பார்க்கும் முன்பே அந்த ஊர்களெல்லாம் நமக்குக் காது வழியாகச் சொந்தம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அதே ஊர்கள் செய்தியில் வந்தன. நீ ஒரு நாள் எழுந்து ரேடியோவை அணைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போனாய். அந்த ‘டக்’ இன்னும் என் காதில் இருக்கிறது.

இவ்வளவும் எழுதக் காரணம் சொல்கிறேன். நம் பொறையார் வீட்டுக்கு இரண்டு போட்டோ இருக்கிறது, பள்ளிக்கூடக் குழுப்படம் இருக்கிறது. சத்தத்துக்கு ஒன்றுமே இல்லை. நம் தெருவை யாரும் டேப்பில் பிடித்து வைக்கவில்லை. அது இருப்பது என் தலையிலும் உன் தலையிலும்தான். என்னுடையது சரியா என்று உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியும்.

போன வாரம் கருவி வாங்கி மாட்டிக்கொண்டேன். முதல் நாள் செய்தித்தாளைப் புரட்டியதும் தூக்கிவாரிப்போட்டது, சருகுக் குவியலில் மாடு நடப்பதுபோல் சத்தம். பேத்தி பேசுவது முழுசாகக் கேட்கிறது, அதற்கே கொடுத்த பணம் தகும். ராத்திரி சுவர்க்கோழியும் கேட்டது. ஆனால் அது தகரத்தில் கத்துகிற சுவர்க்கோழி. உங்கள் வீட்டு விறகடுக்கில் கத்தியது அப்படி இல்லை. அது எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கருவி அந்த நினைவின் மேல் ஏறிக்கொள்ளுமோ என்று ஒரு பயம். அதனால்தான் தெருவிலிருந்த ஒவ்வொரு சத்தத்தையும் ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். இதுவரை நாற்பத்தொன்று வந்திருக்கிறது.

ஒன்றில்தான் மாட்டிக்கொண்டேன். ஈயம் பூசுகிறவர் தெருவுக்குள் நுழையும்போது குரல் கொடுப்பாரே, “ஈயம் பூசலையோ” என்று, அதில் எந்த எழுத்தை இழுப்பார்? முதல் ‘ஈ’யா, கடைசி ‘யோ’வா? ‘யோ’ என்பது என் ஞாபகம். அக்காவோ ‘ஈ’ என்று அடித்துச் சொல்கிறாள். உன் வீட்டு மரத்தடிதான், உன் காதுதான். நீ சொல்வதைத்தான் நோட்டில் எழுதுவேன், அந்த வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

தையில் கட்டாயம் வா. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. கடிதத்தில் எழுதினால் இழுப்பு தெரியாது, நேரில் ஒரு தடவை கூவிக் காட்டு.

அன்புடன்,
உன் திண்ணைத் தோழன்