எங்ககிட்ட எடுத்த ரத்தத்துக்கு ஒரு பதில் சொல்லுங்க

மரபணு ஆராய்ச்சி பண்ற டாக்டர்களுக்கும், அந்த ஆராய்ச்சிக்கெல்லாம் அனுமதி கொடுக்கிற எத்திக்ஸ் கமிட்டி பெரியவங்களுக்கும் வணக்கம்.

போன வாரம் கோயம்புத்தூர்ல எம்.எஸ்சி பயோடெக் படிக்கிற என் சித்தப்பா பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பி, "அக்கா, இது நம்ம குடும்பம் தானே?"ன்னு கேட்டா. சின்ன வயசுலயே வர்ற பரம்பரை ஆல்சைமர் மறதி நோயைப் பத்தி ஏதோ ஜர்னல்ல வந்த சார்ட். ஆம்பளைன்னா கட்டம், பொம்பளைன்னா வட்டம், நோய் வந்தவங்களுக்கு உள்ள கறுப்பு, இறந்து போனவங்களுக்கு குறுக்க ஒரு கோடு. பேர் ஒண்ணும் இல்ல, தென்னிந்தியக் குடும்பம்னு மட்டும் போட்டிருக்கு. ஆனா தெரியாம போகுமா? மேல தாத்தா, 53 வயசு, கோடு. அவருக்குக் கீழ நாலு பேர், மூணு கறுப்பு ஒரு வெள்ளை. பெரியப்பாவுக்குக் கோடு. எங்கப்பா கட்டத்துக்கு மட்டும் ஓரத்துல ஒரு அம்புக்குறி, முதல்ல டாக்டர்கிட்ட வந்தவங்களுக்கு அப்படித்தான் போடுவாங்களாம்.

அத்தை வட்டம் கறுப்பா இருக்கு, கோடு இல்ல. எங்க அத்தை செத்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க. 47 வயசு. கடைசி எட்டு மாசம் முழுங்கத் தெரியாம, கஞ்சிய வாயில வச்சா வச்சபடியே இருக்கும். நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பி வந்திருந்தா அந்தக் கோட்டையும் போட்டிருப்பீங்க.

2019 ஜனவரில ஒரு வேன்ல வந்தீங்க. எந்த நிறுவனம், எந்த டாக்டர்னு இங்க எழுத மாட்டேன், ஒருத்தரை அசிங்கப்படுத்துறது என் நோக்கம் இல்ல. பெரியம்மா வீட்டுத் திண்ணையில உக்காந்து 14 பேர்கிட்ட ரத்தம் எடுத்தீங்க, ஊதா மூடி போட்ட சின்ன ட்யூப், ஒவ்வொண்ணுலயும் நம்பர் ஒட்டுனீங்க. அம்மா கோழி அடிச்சு சோறு போட்டாங்க. ஆறு மாசத்துல ரிசல்ட்டோட வர்றோம், கூட அதைப் பொறுமையா விளக்கிச் சொல்ல ஒரு கவுன்சிலரையும் கூட்டிட்டு வர்றோம்னு சொன்னீங்க. அந்த ஒப்புதல் படிவத்தோட ஜெராக்ஸ் இன்னும் பீரோவுல இருக்கு. "என் பரிசோதனை முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்"ங்கிற எடத்துல என் தம்பி டிக் அடிச்சிருக்கான். நான் "விரும்பவில்லை"ல அடிச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே பதில் தான் கிடைச்சுது, ஆறு வருஷ மௌனம்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. யார்கிட்ட ரத்தம் எடுத்தீங்களோ அவங்க கேட்டா, நேர்ல வந்து, உக்காந்து, பதில் சொல்லுங்க.

எங்கப்பாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பஸ் கண்டக்டர். திண்டுக்கல் பழனி ரூட்ல பதினேழு வருஷம். எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எந்த ஸ்டாப்ல இறங்கும்னு பாக்காமலே விசில் அடிப்பாரு. 44 வயசுல சில்லறை தப்ப ஆரம்பிச்சுது. நூறு ரூபா வாங்கிட்டு இருநூறுக்கு மீதி கொடுப்பாரு, கொடுத்ததையே திரும்பக் கொடுப்பாரு. கலெக்‌ஷன் குறைஞ்சா கைக்காசைப் போட்டுக் கட்டுனாரு, அதுக்கு அம்மா தோடு போச்சு. அப்புறம் ஒருநாள் பழனி போறப்ப, ஒட்டன்சத்திரமே தாண்டுன பின்னாடி, முன்னாடியே போயிட்ட ஸ்டாப்பைச் சொல்லி "ரெட்டியார்சத்திரம் இறங்குங்க"ன்னு கத்தியிருக்காரு, பஸ்ஸே சிரிச்சிருக்கு. அதே மாசம் செக்கிங்ல பணம் குறையுதுன்னு மெமோ கொடுத்தாங்க. குடிக்கிறாரு, திருடுறாருன்னு ஊர் பேசுச்சு. அப்பா வாழ்க்கையில ஒரு பாட்டிலைத் தொட்டது கிடையாது. அந்த நேரத்துல எங்க கையில "இது பரம்பரையா வர்ற மூளை நோய், இந்த ஜீன்ல இந்த மாற்றம்"னு ஒரு தாள் இருந்திருந்தா, அதைக் காட்டி அவரு மானத்தையாவது காப்பாத்தியிருப்போம். இருந்துச்சு, அந்தத் தாள் உங்க கம்ப்யூட்டர்ல இருந்துச்சு.

இப்ப 51 வயசு. காலண்டர்ல தாளைக் கிழிச்சு வீட்டுல இருக்கிறவங்களுக்கெல்லாம் டிக்கெட் கொடுக்கிறாரு. வாங்கலேன்னா கோவம் வரும். அம்மா தினமும் வாங்கி, "ஒரு பழனி"ன்னு சொல்லி இடுப்புல சொருகிக்கிறாங்க.

எங்க தாத்தாவை குணசீலம் கோயில்ல ஒரு மண்டலம் வச்சிருந்தாங்க. பெரியப்பாவுக்கு செய்வினைன்னு சொல்லி நிலத்தை வித்துச் செலவு பண்ணாங்க. மூணு தலைமுறையா எங்களுக்குத் தெரியாம இருந்ததை, உங்க பேப்பர்ல நாலாவது பக்கத்துல ஒரு வரியில எழுதிட்டீங்க. ப்ரெசெனிலின் 1 ஜீன்ல மாற்றம். அந்த ஜீன் 14ஆம் குரோமோசோம்ல இருக்குன்னு 1995லயே கண்டுபிடிச்சாச்சாம், மூளையில ஒரு புரதத்தை வெட்டுற வேலை அதுக்கு, வெட்டு தப்பாப் போனா ஒட்டுற மாதிரியான துண்டுகள் அதிகமாகி மூளையில படியுது, அப்பா அம்மா யாருக்காவது ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதையெல்லாம் எனக்குச் சொன்னது 22 வயசுப் பொண்ணு, ஹாஸ்டல் மொட்டை மாடியில நின்னுக்கிட்டு, அழுதுக்கிட்டே. அவ அப்பா தான் அந்த வெள்ளைக் கட்டம். அவருக்கு 46 தான் ஆகுது. ராத்திரி தூங்குறதே இல்லைன்னு சித்தி சொல்லுது. சாவி எங்க வச்சேன்னு தேடுனாக்கூட சித்தப்பா முகம் வெளுத்துப் போகுது.

தெரிஞ்சுக்க வேண்டாம்னு சொன்ன எனக்கு வாட்ஸ்அப்ல வந்து விழுந்துச்சு. தெரிஞ்சுக்கணும்னு சொன்ன என் தம்பிக்கு இன்னும் பதில் இல்ல. 28 வயசு, பொண்ணு பாத்து நிச்சயம் வரைக்கும் போய், "எனக்கு இருக்கா இல்லையான்னு தெரியாம ஒரு பொண்ணு வாழ்க்கையை நான் எப்படிம்மா கெடுக்குறது"ன்னு நிப்பாட்டிட்டான். ஒன்பது தடவை போன் பண்ணியிருக்கேன். அந்த ப்ராஜெக்ட் முடிஞ்சு போச்சு, சார் மாறிப் போயிட்டாங்க, ஆராய்ச்சி லேப் ரிசல்ட்டை வெளிய தர முடியாதுன்னு சொல்றாங்க. சரிங்க, தர முடியாதுன்னா அங்கீகாரம் உள்ள லேப்ல புதுசா சாம்பிள் எடுத்து உறுதி பண்ணிக் கொடுங்க. வெளிய நாங்களே பண்ணிக்கலாம்னா ஒரு ஆளுக்கு என் ரெண்டு மாச சம்பளம், தனியார் ஸ்கூல் டீச்சர் நான்.

வெளிநாட்டுலயும் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னு சொல்ல வரல. கொலம்பியாவுல அந்தியோகியா பகுதியில இதே ஜீன்ல மாற்றம் இருக்கிற பெரிய குடும்பங்கள் இருக்கு, சுமார் 6,000 பேர். 44 வயசுக்கெல்லாம் மறதி ஆரம்பிச்சிடும், 49ல டிமென்ஷியா, அதாவது அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்கு மறதி. அங்கயும் யாருக்கு இருக்கு யாருக்கு இல்லைன்னு ரொம்ப வருஷம் சொல்லல. ஆனா பிரான்சிஸ்கோ லோபெரான்னு ஒரு டாக்டர், 1980கள்ல அந்த மலைக் கிராமங்களுக்குப் போனவரு, 2024ல சாகுற வரைக்கும் அந்த ஜனங்களை விடல. அங்க 252 பேரை வச்சு நடந்த மருந்து சோதனை 2022ல தோத்துப் போச்சு, ஆனா அதுல ஒரு மரியாதை இருந்துச்சு. ஜீன் மாற்றம் இல்லாதவங்களையும் சேர்த்து அவங்களுக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசியைப் போட்டாங்க, கலந்துக்கிட்டதை வச்சே யாரும் தன் தலையெழுத்தைத் தெரிஞ்சுக்கக் கூடாதுங்கிறதுக்காக. தெரிஞ்சுக்காம இருக்கிற உரிமைக்கு அவ்வளவு கவனம்.

இங்கிலாந்துல கேரல் ஜென்னிங்ஸ்னு ஒரு டீச்சர், என்னை மாதிரி. அப்பாவுக்கும் அவரு கூடப் பொறந்தவங்களுக்கும் வரிசையா வருதேன்னு 1986ல ஆராய்ச்சியாளர்களுக்குக் கடிதம் எழுதினாங்க, அந்தக் கடிதத்தால தான் 1991ல முதல் ஆல்சைமர் ஜீன் மாற்றத்தையே லண்டன்ல கண்டுபிடிச்சாங்க. அந்தம்மா கடைசி வரைக்கும் தனக்கு டெஸ்ட் எடுத்துக்கல. பின்னாடி அவங்களுக்கும் வந்துச்சு, 2024ல இறந்துட்டாங்க. அவங்க எழுதின கடிதத்துக்கு அன்னைக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தாங்க.

தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க, மருந்தா இருக்குன்னு போன்ல ஒருத்தர் கேட்டாரு. அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சுல முள்ளாட்டம் நிக்குது. 2025 மார்ச்ல பரம்பரை ஆல்சைமர் குடும்பங்கள்ல நடந்த ஒரு ஆய்வு முடிவு வந்துச்சு, அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு சராசரி எட்டு வருஷம் மருந்து எடுத்துக்கிட்ட 22 பேர்ல நோய் வர்ற அபாயம் ஏறக்குறைய பாதியாகியிருக்குன்னு. சின்ன எண்ணிக்கை தான், ஆடிக் குதிக்க ஒண்ணும் இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்த மாதிரி ஒரு சோதனையில சேரணும்னாக்கூட முதல்ல எங்க குடும்பத்துல என்ன மாற்றம்னு கையில ஒரு ரிப்போர்ட் வேணுமே. என் தம்பிக்கு 28. எங்கப்பாவுக்கு ஆரம்பிச்சது 44. நடுவுல மிச்சம் 16 வருஷம் தான், அதுக்கு முன்னாடி ஆறு வருஷத்தை ஏற்கெனவே காத்திருந்தே தொலைச்சுட்டோம்.

எங்க போனாலும் 60ங்க. முதியோர் திட்டம் 60 வயசுக்கு மேல. 60 வயசுக்கு மேல 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியான்னு நாட்டுக் கணக்கு, எங்கப்பா அந்தக் கணக்குலயும் இல்ல, அத்தையும் இல்ல. இந்த நோய்க்குத் தன் பேரைக் கொடுத்த ஆல்சைமர்ங்கிற டாக்டர் முதல்ல பாத்து எழுதி வச்ச அந்தம்மா, அவுகுஸ்டே டேட்டர், 1901ல பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப அவங்களுக்கும் 51 வயசு தான். அப்பாவோட அதே வயசு. நூத்தியிருபது வருஷம் கழிச்சும் கவுன்டர்ல ஆதார் கார்டைப் பாத்துட்டு "இது வயசானவங்க நோயாச்சேம்மா"ன்னு திருப்பி அனுப்புறாங்க.

கோவத்துல எங்கேயோ போயிட்டேன், மன்னிச்சிடுங்க. ஆராய்ச்சியே வேண்டாம்னு நான் சொல்லல. நாளைக்கு நீங்க வந்து திரும்பக் கேட்டாலும் கையை நீட்டுவோம், எங்க பிள்ளைங்களுக்காவது உதவும்னு தானே அன்னைக்கும் நீட்டுனோம். 2017ல ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் போட்ட எத்திக்ஸ் வழிகாட்டுதல்லயே ஜெனடிக் கவுன்சிலிங் பத்தி எழுதியிருக்கு. அதனால எத்திக்ஸ் கமிட்டியில இருக்கிறவங்க தயவு செஞ்சு இதை மட்டும் கட்டாயமாக்குங்க. பரம்பரை நோய் ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டு வந்தா, யாரு திரும்பிப் போய் ரிசல்ட் சொல்லப் போறாங்க, எப்ப சொல்லப் போறாங்க, சார் மாறிப் போனா யாரு பொறுப்பு, கவுன்சிலருக்குப் பணம் ஒதுக்கியாச்சான்னு கேளுங்க. கேட்டவங்களுக்குச் சொல்லுங்க, வேண்டாம்னவங்களை விட்டுடுங்க. பேப்பர் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்க.

எங்க வீடு மாறல. படிவத்துல கொடுத்த போன் நம்பரும் அதே தான். வர்றதா இருந்தா காலையில பத்து மணிக்கு மேல வாங்க, அப்பா குளிச்சுச் சாப்பிட்டு அமைதியா இருப்பாரு. டிக்கெட் கொடுத்தா தயவு செஞ்சு வாங்கிக்கோங்க.

இப்படிக்கு,
உங்க சார்ட்ல மூணாவது வரிசை, இடமிருந்து நாலாவது வட்டம்.