‘எப்ப வந்துச்சு?’ என்று கேட்காதீர்கள்

அவசரப் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், ஸ்கேன் அறைகளில் இருக்கும் என் தோழர்களுக்கும்,

வணக்கம். நான் 21 வருடம் சி.டி. ஸ்கேன் அறையில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன். போன மார்கழியில்தான் முதல் தடவையாக ஒரு ஸ்கேன் அறைக் கதவுக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கவாதம் வந்து உள்ளே படுத்திருந்தது என் அக்கா. சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. நீங்கள் அன்று செய்ததை நானும் பல வருடம் செய்திருக்கிறேன்.

அன்று அத்தான் ஆறரைக்கு எழுந்தார். பக்கத்தில் படுத்திருந்த அக்காவுக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. ஏழரைக்கெல்லாம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எப்ப வந்துச்சு?”

“தூங்கி எழும்போதே இப்படித்தான் இருந்தா” என்றார் அத்தான்.

இரவு பத்து மணிக்குப் படுத்தாள் என்று சீட்டில் ஏறியது. மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. பத்து மணியிலிருந்து எண்ணினால் அது பின்னிரவு இரண்டரைக்கே முடிந்துவிட்டது. அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க அத்தானும் நானும் வீட்டுக்குப் போனோம். வாசலில் பெரிய கோலம், நடுவில் காலடித் தடங்கள். முதல் நாள் காலையில் போட்ட கோலம். அதை மிதித்துக்கொண்டுதான் அக்காவைத் தூக்கி வந்திருக்கிறார்கள், யாருக்கும் உறைக்கவில்லை. அடுப்பில் காய்ச்சிய பால் ஆடை படிந்து அப்படியே இருந்தது. பால்காரர் எங்களைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். “அஞ்சே முக்காலுக்கு என்கிட்ட பால் வாங்கினாங்களே, நல்லாத்தானே பேசிட்டு இருந்தாங்க” என்றார்.

அக்கா எழுந்து, கோலம் போட்டு, பால் வாங்கிக் காய்ச்சியிருக்கிறாள். தலை சுற்றியிருக்கும், கொஞ்சம் படுக்கலாம் என்று திரும்பப் போயிருக்கிறாள். அப்படியென்றால் கெடு காலை பத்தேகால் வரை இருந்தது. ஸ்கேன் எடுத்தபோது மணி ஏழு ஐம்பது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. 21 வருட அனுபவம்!

ஊசி போட்டிருந்தால் அக்கா எழுந்து நடந்திருப்பாள் என்று சொல்லமாட்டேன். எல்லோருக்கும் அது பலிப்பதில்லை, மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. போடலாமா என்ற யோசனைக்கே இடமில்லாமல் போனதுதான் மனதை அறுக்கிறது.

அதனால் முதல் வேண்டுகோள். ‘எப்ப வந்துச்சு’ என்று கேட்டால் வீட்டுக்காரர்கள் தாங்கள் பார்த்த நேரத்தைச் சொல்வார்கள், இல்லையென்றால் ஊகத்தைச் சொல்வார்கள். “கடைசியாக எப்போ நல்லா இருந்தாங்க? யார் பார்த்தது? ராத்திரியில எழுந்தாங்களா? காலையில யார்கிட்டயாவது பேசினாங்களா? போன் வந்துச்சா?” என்று கேளுங்கள். அரை நிமிட வேலை. உண்மையிலேயே தூக்கத்தில் வந்ததாக இருந்தாலும் உடனே கைவிட வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டு, பாதிப்பு புதிதா என்று கணித்து, தகுதியானவர்களுக்கு ஊசி போடலாம் என்று 2018-லேயே ஆய்வு வந்துவிட்டது. பெரிய ரத்தக்குழாய் அடைப்பு என்றால் குழாய் விட்டுக் கட்டியை எடுப்பதற்கு, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட வாய்ப்பு உண்டு. நம் ஊரில் எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை, தெரியும். இருக்கிற இடத்துக்கு அனுப்பவாவது சரியான நேரம் தெரிய வேண்டுமே.

இரண்டாவது, ‘நார்மல்’ என்ற வார்த்தை. அக்காவின் ஸ்கேன் முடிந்து வெளியே வந்த பையன், “ஸ்கேன் நார்மல்தான்” என்று சொல்லிவிட்டுப் போனான். அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். ஊரிலிருந்து விசாரித்தவர்களிடமெல்லாம் “தலையில ஒண்ணும் இல்லையாம்” என்றார். இதே வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

நமக்குத் தெரியும். ரத்தக்கசிவு என்றால் சி.டி.யில் அப்போதே பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அடைப்பு அப்படியில்லை. முதல் சில மணி நேரம் மூளை வழக்கம்போலவே தெரியலாம். பழகின கண்ணுக்கு மட்டும் ஒரு ரத்தக்குழாய் வெள்ளைக் கம்பி மாதிரி தெரியும், அல்லது மூளை மடிப்புகளின் ஓரம் லேசாகக் கலங்கியிருக்கும். வாய் கோணி, கை விழுந்து வந்தவருக்கு சி.டி. சுத்தமாக இருந்தால் அதன் பொருள், கசிவு இல்லை, அடைப்பாக இருக்கலாம், ஊசி பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டும் என்பது. ஆகவே “ரத்தக்கசிவு இல்லை, பக்கவாதம் இல்லை என்று அர்த்தமில்லை, டாக்டர் உடனே பேசுவார்” என்று சொல்லுங்கள். அக்காவின் பாதிப்பு மறுநாள் எம்.ஆர்.ஐ.யில் விளக்குப் போட்டது போலத் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. முதல் நாளே எடுத்திருந்தாலும் அது பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

அப்புறம், வரிசை. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது கண்டிப்பாக முதலில். சர்க்கரை தாழ்ந்தாலும் அச்சு அசல் பக்கவாதம் போலவே வரும். குளுக்கோஸ் ஏற்றியதும் விழுந்த கை எழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். கூடவே பிரஷர், உடனே ஸ்கேன். ஈ.சி.ஜி. எடுக்கத்தான் வேண்டும், இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் கட்டி அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அதற்காக ஸ்கேனை நிறுத்திவைக்காதீர்கள். இதயத்துக்கு எக்கோ, கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர், கொலஸ்ட்ரால் எல்லாம் பிறகு பார்க்கலாம். கேஷ் கவுண்டர் அதற்கும் பிறகு. ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் வேண்டாம். விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் சொந்தக்காரர்கள் காபி புகட்டுவதையும் யாராவது தடுங்கள்.

என் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. தலை சி.டி.க்குத் தாலியைக் கழற்றச் சொல்லி வாசலில் அழுகையைக் கிளப்பாதீர்கள், அது காந்தம் இருக்கும் எம்.ஆர்.ஐ. அறையின் பிரச்சினை. கொண்டை ஊசியையும் கம்மலையும் எடுங்கள். திருகு இறுகிப்போன மூக்குத்தியோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டாதீர்கள். உலோகத்தால் படத்தில் கோடு விழுந்தாலும் முகத்தின் மட்டத்தில்தான் விழும்.

கடைசியாக, அவசரப் பிரிவுச் சீட்டில் ஒரே ஒரு வரி அச்சடிக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘கடைசியாக நன்றாக இருந்த நேரம், பார்த்தவர், அவருடைய போன் எண்’. அன்று அத்தானின் சட்டைப் பையில் இருந்த போனில் பால்காரரின் எண் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சி.டி. டெக்னீஷியன் ஒருவன்