மதிப்பெண்ணில் கைவைக்கும் முன்...

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளிகளின் ஆசிரியர் பற்றாக்குறை குறித்துத் தங்கள் இதழில் வந்த தலையங்கத்தைப் படித்தேன். ஆசிரியர் தகுதித் தேர்வான 'டெட்' தேர்ச்சி மதிப்பெண்ணை இன்னும் குறைத்தால் காலியிடங்கள் தானாக நிரம்பிவிடும் என்று பலர் பேசுகிறார்கள். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதில் உடன்பாடில்லை. தேர்வை முதலில் ஒழுங்காக, ஆண்டுதோறும் நடத்தட்டும்.

தகுதித் தேர்வை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் வழிகாட்டுதல். தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2012, 2013, பிறகு 2017, 2019, 2022, அப்புறம் 2025. மாற்றுத்திறனாளிகளுக்காக 2014-இல் நடந்த சிறப்புத் தேர்வைத் தவிர்த்தால் 2025 வரை இவ்வளவுதான். 2013-இல் இரண்டு மூன்று மதிப்பெண்ணில் கோட்டைவிட்டவர் அடுத்த வாய்ப்புக்கு நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவர் தனியார் பள்ளிக்கோ துணிக்கடைக் கணக்குக்கோ போயிருப்பார். அவரை அத்தோடு இழந்தோம்.

விதியைக் கொஞ்சம் மாற்றினாலே என்ன நடக்கும் என்பதை 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்விலேயே பார்த்தோம். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் 2,500 பேர்கூடத் தேறவில்லை. 'வாத்தியார்களுக்கே ஒன்றும் தெரியவில்லை' என்று ஊரே சிரித்தது. அக்டோபர் மறுதேர்வில் நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். தேர்ச்சி மதிப்பெண் அதே 90தான். தேறியவர்கள் பல மடங்கானார்கள்.

தேறினாலும் வேலை இல்லை என்பது அடுத்த கூத்து. நியமனத்துக்குத் தனியாக இன்னொரு போட்டித் தேர்வு என்று 2018-இல் அரசாணை 149 வந்தது. அந்தத் தேர்வு முதன்முதலாக நடந்தது 2024-இல். 2013-இல் தகுதி பெற்றவர்களில் பலர் அதுவரை சான்றிதழும் கையுமாக அலைந்தார்கள். இடையில் 2022-இல், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000. தகுதிச் சான்று வைத்திருப்பவருக்கு இதுதான் மரியாதையா?

இரண்டாம் தாளின் அமைப்பையும் பேச வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கான அந்தத் தாளில் 60 கேள்விகள் கணிதம், அறிவியலில் இருந்து வரும். இல்லையென்றால் சமூக அறிவியலில் இருந்து. தமிழாசிரியராக வர விரும்புபவரும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எழுதியாக வேண்டும். தமிழுக்கு 30 கேள்விதான். எங்கள் பள்ளியில் தற்காலிகமாகத் தமிழ் நடத்திய ஓர் அம்மா, வல்லினம் மிகும் இடங்களை ஏழாம் வகுப்புக்கு விளக்கினால் பின்வரிசைப் பையன்கள்கூட எழுந்து எடுத்துக்காட்டு சொல்வார்கள். அவரோ மதிய இடைவேளையில் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நோட்டை விரித்து, டெல்லி சுல்தான்களின் ஆட்சியாண்டுகளை உருப்போட்டுக்கொண்டிருப்பார். மொழியாசிரியருக்கு அந்த 60 கேள்வியும் மொழிப் பாடத்திலேயே இருக்கட்டும். மாநில அரசு தானே மாற்ற முடியாதென்றால், தேசியக் குழுமத்திடம் கேட்டாவது வாங்க வேண்டும்.

இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. பணி ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், ஏற்கெனவே பணியில் இருந்தாலும், இரண்டே ஆண்டுகளில் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழக அரசு சீராய்வு மனு போட்டது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்றாண்டுக்கு ஒரு தேர்வு என்ற பழைய வழக்கத்தை இனியும் தொடர்ந்தால், இருக்கிற ஆசிரியர்களையும் இழப்போம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போகும் நாளிலேயே ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறோம். அந்த ஒருவர் நிரந்தரமாகப் போய்விட்டால்?

பிளஸ் டூ தேர்வுக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே அட்டவணை வெளியிடுகிற துறைதானே இது. ஒவ்வொரு மே மாதமும் டெட் என்று அறிவித்துவிட்டால், பணியில் இருப்பவர்களுக்கும் படிக்கக் கோடை விடுமுறை கிடைக்கும். ஜூலைக்குள் முடிவை வெளியிட்டு, நியமனத் தேர்வையும் அதே கல்வியாண்டில் முடிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்